பயன்படுத்திய ஃபிலிம் கேமரா: விலை பேசும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமாகக் கருதப்படும் 'கீசக வதம்', கைமாறி வந்த ஒரு கேமராவால் எடுக்கப்பட்டது. சென்னையில் மோட்டார் வாகன வணிகத்தில் இருந்த ஆர். நடராஜ முதலியார், தஞ்சாவூரைச் சேர்ந்த மூப்பனார் என்ற செல்வந்தரிடமிருந்து வில்லியம்சன் நிறுவனத்தின் 35 மி.மீ. கேமராவையும் பிரிண்டரையும் 1,800 ரூபாய்க்கு வாங்கினார்.

கேமரா கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடவில்லை. படச்சுருளைக் கழுவுவதற்குக் குளிர்ந்த தட்பவெப்பமே ஏற்றது எனக் கருதிய அவர், அதற்கான கூடத்தை பெங்களூரில் அமைத்தார். வாரக் கடைசியில் அங்கு சென்று சுருள்களைக் கழுவிவிட்டு, திங்கட்கிழமை சென்னைக்குத் திரும்பிப் படப்பிடிப்பைத் தொடர்ந்தார்.

அவருக்கு முன்பே, 1912-ஆம் ஆண்டு லண்டன் சென்ற தாதாசாகேப் பால்கே, வில்லியம்சன் கேமராவை மட்டும் வாங்கி வரவில்லை. ஃபிலிமின் ஓரத்தில் துளையிடும் கருவி, பிரதி எடுக்கும் கருவி ஆகியவற்றுக்கும் ஏற்பாடு செய்த பிறகே தாயகம் திரும்பினார். 1913-இல் 'ராஜா ஹரிச்சந்திரா' வெளியானது.

நூறாண்டுகள் கடந்த பின்னரும் நிலைமை மாறவில்லை. பயன்படுத்திய சினிமா கேமராவை வாங்க விரும்புவோர் முதலில் ஆராய வேண்டியது கேமராவை அல்ல. அதற்குரிய ஃபிலிம் கிடைக்குமா, அதை எங்கே கழுவுவது, கழுவிய நெகட்டிவை யார் ஸ்கேன் செய்து தருவார், பழுதானால் யார் சரிசெய்வார் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்த பின்னரே கேமராவின் விலையைப் பேச வேண்டும். இந்த வரிசை மாறினால், வாங்கிய கேமரா அலமாரியில் அலங்காரப் பொருளாகத் தங்கிவிடும்.

ஏன் பழைய கேமரா?

ஆரி, பனவிஷன், ஆட்டன் ஆகிய முன்னணி நிறுவனங்கள் 2011-ஆம் ஆண்டளவில் புதிய ஃபிலிம் கேமராக்களின் தயாரிப்பை நிறுத்திக்கொண்டன. கோடாக் நிறுவனம் 2016-இல் அறிவித்த புதிய சூப்பர் 8 கேமரா, பல ஆண்டுத் தாமதத்துக்குப் பிறகு 5,495 அமெரிக்க டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. எனவே, ஃபிலிமில் படம் எடுக்க விரும்பும் மாணவர்களுக்கும் குறும்பட இயக்குநர்களுக்கும் எஞ்சியிருக்கும் வழி, பயன்படுத்திய கேமராவே ஆகும்.

இந்த விருப்பம் பழம்பெருமை சார்ந்தது மட்டுமன்று. ஒளிப்பதிவுக்கான ஆஸ்கர் விருதை 2024-இல் வென்ற 'ஓப்பன்ஹைமர்', 2025-இல் வென்ற 'தி புரூட்டலிஸ்ட்' ஆகிய இரண்டும் ஃபிலிமில் எடுக்கப்பட்டவை. 2018-இல் மும்பையில் ஃபிலிம் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷன் நடத்திய நிகழ்வில் பங்கேற்ற இயக்குநர் கிறிஸ்டோபர் நோலன், ஃபிலிமின் எதிர்காலம் குறித்து இந்தியத் திரைத்துறையினருடன் உரையாடினார்.

மறுபுறம், இதற்கான கட்டமைப்பு சுருங்கிவிட்டது. சென்னை, மும்பை, ஐதராபாத் ஆகிய நகரங்களில் இரவு பகலாக இயங்கிய கழுவும் கூடங்கள் பெரும்பாலும் மூடப்பட்டுவிட்டன. ஃபியூஜிஃபிலிம் நிறுவனம் 2013-இல் சினிமா ஃபிலிம் தயாரிப்பிலிருந்து விலகியதால், வண்ண நெகட்டிவுக்குப் பெரும்பாலும் கோடாக் நிறுவனத்தையே சார்ந்திருக்க வேண்டிய நிலை உள்ளது. மேலும், சினிமா நெகட்டிவை ஈசிஎன்-2 என்ற முறையில் கழுவ வேண்டும். புகைப்படக் கடைகளில் பயன்படும் சி-41 முறை வேறு. பக்கத்துத் தெரு ஸ்டூடியோவில் கழுவிக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் கேமரா வாங்குவது ஏமாற்றத்தில் முடியும்.

ஃபிலிமின் அகலமே செலவைத் தீர்மானிக்கும்

கேமராவின் விலை ஒருமுறை செலுத்துவது. ஃபிலிமின் விலை ஒவ்வொரு நிமிடமும் செலுத்துவது. ஆகவே, 35 மி.மீ., 16 மி.மீ., சூப்பர் 8 ஆகிய மூன்றில் எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

விநாடிக்கு 24 சட்டங்கள் என்ற வேகத்தில் 35 மி.மீ. ஃபிலிம் நிமிடத்துக்கு 90 அடி ஓடுகிறது. 16 மி.மீ. 36 அடியும், சூப்பர் 8 வெறும் 20 அடியும் ஓடுகின்றன. 400 அடிச் சுருள் 35 மி.மீ. கேமராவில் ஏறத்தாழ நாலரை நிமிடத்தில் தீர்ந்துவிடும்; அதே நீளம் 16 மி.மீ. கேமராவில் 11 நிமிடங்கள் வரும். 50 அடி கொண்ட சூப்பர் 8 கார்ட்ரிட்ஜ் இரண்டரை நிமிடங்கள் ஓடும்.

பத்து நிமிடக் குறும்படத்துக்கு ஐந்து மடங்கு, அதாவது 50 நிமிடங்கள் படம்பிடிப்பதாகக் கொண்டால், 35 மி.மீ. அளவில் 4,500 அடியும், 16 மி.மீ. அளவில் 1,800 அடியும், சூப்பர் 8 அளவில் 20 கார்ட்ரிட்ஜ்களும் தேவைப்படும். இவற்றை வாங்கவும் கழுவவும் ஸ்கேன் செய்யவும் ஆகும் தொகையைக் கேமராவின் விலையோடு சேர்த்துப் பார்த்தால், மலிவாகத் தோன்றிய 35 மி.மீ. கேமரா உண்மையில் மலிவானதன்று என்பது விளங்கும். முதல்முறை வாங்குவோருக்கு 16 மி.மீ. பெரும்பாலும் நடுவழியாக அமைகிறது.

வசனமா, காட்சியா?

ஜெர்மனியின் ஆரி நிறுவனம் உருவாக்கிய ஆரிஃப்ளெக்ஸ் 35 2சி, இந்தியத் திரைப்படத் துறையில் பல ஆண்டுகள் உழைத்த கேமரா. எடை குறைவு, உறுதி அதிகம். ஆனால் ஓடும்போது எழும் இரைச்சலும் அதிகம். படப்பிடிப்புத் தளத்தில் பேசிய வசனத்தைப் பின்னர் டப்பிங் செய்யும் வழக்கம் இந்தியாவில் வேரூன்றியதற்கு இத்தகைய கேமராக்களின் இரைச்சலும் ஒரு காரணமாகும்.

வசனத்தை நேரடியாக ஒலிப்பதிவு செய்ய விரும்புவோர் ஆரிஃப்ளெக்ஸ் 35பிஎல், ஆரிஃப்ளெக்ஸ் 16எஸ்ஆர், ஆட்டன் போன்ற ஓசை குறைந்த கேமராக்களைத் தேட வேண்டும். கேமராவின் வேகம் கிரிஸ்டல் கட்டுப்பாட்டில் இயங்குகிறதா என்பதையும் கேட்டறிய வேண்டும். அக்கட்டுப்பாடு இல்லாவிடில், உதட்டசைவும் ஒலியும் சில நிமிடங்களுக்குள் விலகிவிடும்.

பாடல், ஆவணக் காட்சி, சோதனைப் படம் ஆகியவற்றுக்கு ஒலி ஒரு தடையாக இராது. கைச்சாவியால் முறுக்கி இயக்கப்படும் சுவிட்சர்லாந்தின் போலெக்ஸ் எச்16, சோவியத் ஒன்றியத்தின் கிராஸ்னோகோர்ஸ்க்-3 ஆகியவை மின்கலமின்றியே ஓடக்கூடியவை. போலெக்ஸை ஒருமுறை முழுமையாக முறுக்கினால் ஏறத்தாழ அரை நிமிடம் ஓடும். இதற்கு மேல் நீளும் காட்சியை எடுக்க விரும்புவோருக்கு இது பொருந்தாது.

பற்களை எண்ணிப் பார்க்க வேண்டும்

பழைய 16 மி.மீ. கேமராக்களில் பலர் தவறவிடும் அம்சம் ஒன்று உண்டு. தொடக்ககாலக் கேமராக்கள், இரு ஓரங்களிலும் துளையுள்ள ஃபிலிமுக்காக வடிவமைக்கப்பட்டவை. இன்று கிடைக்கும் 16 மி.மீ. ஃபிலிம் பெரும்பாலும் ஓர் ஓரத்தில் மட்டுமே துளையுள்ளது. கேமராவின் கதவைத் திறந்து பற்சக்கரத்தைப் பார்க்கையில், இருபுறமும் பற்கள் இருந்தால் இன்றைய ஃபிலிம் அதில் கிழிந்துவிடும். விற்பவர் படம் மட்டும் அனுப்பியிருந்தால், பற்சக்கரத்தின் அண்மைப் படத்தைக் கேட்டுப் பெற வேண்டும்.

'சூப்பர் 16-க்கு மாற்றப்பட்டது' என்ற விளம்பரத்தையும் அப்படியே ஏற்கலாகாது. ஃபிலிமில் ஒளி விழும் சட்டத்தை அகலப்படுத்தினால் மட்டும் போதாது. லென்ஸ் பொருத்தும் வளையத்தின் மையமும், வியூஃபைண்டரில் உள்ள எல்லைக் கோடுகளும் அதற்கேற்ப மாற்றப்பட்டிருக்க வேண்டும். பழைய 16 மி.மீ. ஜூம் லென்ஸ்கள் பல, அகன்ற சட்டத்தின் மூலைகளை இருளச் செய்துவிடும்.

ரிஃப்ளெக்ஸ் வகை போலெக்ஸில், லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் இடையே ஒரு பட்டகம் உள்ளது. எனவே 50 மி.மீ.-க்குக் குறைந்த குவியத்தூரம் கொண்ட லென்ஸ்கள் 'ஆர்எக்ஸ்' குறியுடன் இருத்தல் நன்று. மற்ற சி-மவுண்ட் லென்ஸ்களைப் பொருத்த முடியும் என்றாலும், காட்சி கூர்மை இழக்கக்கூடும்.

சூப்பர் 8 கேமராக்களில் சிக்கல் வேறு வகையானது. பலவற்றின் ஒளிமானி, இன்று உற்பத்தியில் இல்லாத பாதரச மின்கலத்தை நம்பி இயங்குகிறது. வேறு மின்கலம் பொருத்தினால் மின்னழுத்தம் மாறுபட்டு, ஒளி அளவு பிழையாகும். அன்றைய ஃபிலிம்களின் வேகத்தை மட்டுமே அடையாளம் காணும் கேமராக்களும் உண்டு. ஒளி அளவைக் கையால் மாற்றும் வசதி உள்ள கேமராவைத் தேர்ந்தெடுத்தால் இச்சிக்கல்கள் இரண்டும் தீரும்.

நேரில் பார்க்கும்போது

கேமராவைக் கையில் எடுத்தவுடன் செய்ய வேண்டிய சோதனைகள் எளியவை:

* லென்ஸைக் கழற்றி, அதன் வழியே ஒளியைப் பார்க்க வேண்டும். சிலந்தி வலை போன்ற கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. மும்பை, கொல்கத்தா, சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த நகரங்களில் பாதுகாப்பின்றி வைக்கப்பட்ட லென்ஸ்களில் இது இயல்பு.
* ஃபிலிம் ஓடும் பாதையை விரலால் மென்மையாகத் தடவ வேண்டும். துருவோ சொரசொரப்போ இருந்தால், ஒவ்வொரு சட்டத்திலும் கீறல் விழும்.
* ஃபிலிம் இல்லாமல் சில விநாடிகள் மட்டும் ஓடவிட்டு ஒலியைக் கேட்க வேண்டும். சீரான ஓசை நல்லது; ஏறி இறங்கும் ஓசை, உள்ளே மசகு எண்ணெய் இறுகிவிட்டதன் அறிகுறி. அதிவேகத்தில் வெறுமையாக ஓட்டக் கூடாது.
* மின்கேபிளும் மின்கலமும் உடன் வருகின்றனவா, எத்தனை வோல்ட் என்பதை உறுதிசெய்ய வேண்டும். மின்முனைகள் மாறினால் மின்சுற்று எரிந்துவிடக்கூடும்.
* மேகசின் எத்தனை என்று கேட்க வேண்டும். ஒரே மேகசினுடன் வரும் கேமராவில், ஒவ்வொரு சுருளுக்கும் படப்பிடிப்பு நின்று தொடர வேண்டியிருக்கும்.

கதவைத் திறக்கும் முன், உள்ளே படச்சுருள் இருக்கிறதா என்பதை அடிக்கணக்குக் காட்டியில் பார்ப்பதும் அவசியம். பழைய குடும்பக் காட்சியோ செய்திக் காட்சியோ பதிவான சுருள், வெளிச்சம் பட்ட கணத்திலேயே அழிந்துவிடும். ஐயம் இருந்தால் இருட்டறையில் திறப்பதே முறை.

சோதனைச் சுருள்: பேரத்தின் கடைசிப் படி

'நன்றாக ஓடுகிறது' என்ற விற்பனையாளரின் சொல், மோட்டார் சுற்றுகிறது என்பதற்கு மட்டுமே சான்று. படம் பதிகிறது என்பதற்குச் சான்று, அண்மையில் அந்தக் கேமராவில் எடுத்துக் கழுவிய சுருள் ஒன்றே.

முதலில் வீணான ஃபிலிம் துண்டை ஏற்றி ஓடவிட்டு, அதை ஒளியில் சாய்த்துப் பார்த்தால் கீறல் தெரியும். 16 மி.மீ. ஃபிலிம் ஒரு நிமிடத்தில் 36 அடி ஓடுகிறதா என்று அளந்தால் வேகமும் தெரிந்துவிடும்.

அடுத்து, படம் அசையாமல் நிற்கிறதா என்பதைச் சோதிக்க ஒளிப்பதிவாளர்களிடையே நெடுங்காலமாக ஒரு முறை வழக்கத்தில் உள்ளது. கேமராவை அசையாத முக்காலியில் பொருத்தி, கறுப்புத் தாளில் வரைந்த வெள்ளைக் குறுக்குக் கோட்டைப் படமெடுக்க வேண்டும். பின்னர் ஃபிலிமை இருட்டில் தொடக்கத்துக்குச் சுற்றி, தாளைச் சற்று நகர்த்தி மறுபடியும் எடுக்க வேண்டும். கழுவிப் பார்க்கையில் இரு கோடுகளுக்கும் இடையிலான தூரம் மாறாதிருந்தால் கேமரா உறுதியானது. தூரம் நடுங்கினால், ஃபிலிமை இழுத்து நிறுத்தும் நகப்பொறி தேய்ந்துவிட்டது என்று பொருள்.

லென்ஸை மூடி, ஃபிலிம் ஏற்றிய கேமராவைச் சில நிமிடங்கள் வெயிலில் வைத்த பின் கழுவினால், ஒளிக்கசிவு இருக்கிறதா என்பதும் வெளிப்படும். கூர்மையில் குறை தெரிந்தால், லென்ஸ் வளையத்திலிருந்து ஃபிலிம் வரையுள்ள தூரத்தைப் பழுதுநீக்குநர் அளக்க வேண்டும். சி-மவுண்ட் கேமராக்களுக்கு இது 17.526 மி.மீ.; ஆரியின் பிஎல் மவுண்டுக்கு 52 மி.மீ. மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு விலகினாலே அகன்ற கோண லென்ஸ்களில் காட்சி மங்கிவிடும்.

எங்கே வாங்குவது?

மும்பையின் சோர் பஜார் போன்ற சந்தைகளில் பழைய கேமராக்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. அவற்றில் வீட்டு அலங்காரத்துக்கென விற்கப்படுபவையும் உண்டு. உள்பாகங்கள் முழுமையாக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வாடகைக்குக் கேமரா வழங்கிய நிறுவனங்கள், ஓய்வுபெற்ற ஒளிப்பதிவாளர்கள், அவர்களிடம் பணிபுரிந்த உதவியாளர்கள் ஆகியோரிடம் வாங்கினால், அந்தக் கேமரா கடைசியாக எப்போது ஓடியது, யார் பழுது பார்த்தார் என்ற வரலாறும் சேர்ந்து கிடைக்கும்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்போர், பயன்படுத்திய பொருள்களின் இறக்குமதிக்கெனத் தனி விதிகள் உள்ளதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். பணம் செலுத்தும் முன்பே சுங்க முகவரிடம் விதிகளையும் வரியையும் கேட்டறிவது நல்லது. கழுவாத ஃபிலிமை விமானத்தில் எடுத்துச் செல்வோர், அதைச் சரக்குப் பெட்டியில் வைக்கலாகாது. கைப்பையில் வைத்து, ஊடுகதிர்ச் சோதனைக்குப் பதிலாகக் கையால் சோதிக்குமாறு பாதுகாப்புப் பணியாளர்களிடம் கோர வேண்டும். புதிய சிடி ஸ்கேனர்களும் சரக்குப் பெட்டிகளுக்கான ஊடுகதிர்க் கருவிகளும் கழுவாத ஃபிலிமைக் கெடுத்துவிடும்.

முதல் படத்துக்கு வாடகைக் கேமரா கிடைக்குமானால், வாங்கும் முன் அதில் ஒரு சுருளாவது எடுத்துப் பார்ப்பது சிறந்தது. ஃபிலிம் வாங்கி, படமெடுத்து, கழுவி, ஸ்கேன் செய்து திரையில் பார்ப்பது வரையிலான முழுச் சுற்றையும் ஒருமுறை கடந்தவர்களுக்கு, எந்தக் கேமரா தேவை என்பதும், அதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் தாமாகவே தெளிவாகிவிடும்.