அர்வரி ஆறு மீண்ட வரலாறு

மழை பெய்தலும் நீர் நிலைத்தலும் ஒன்றல்ல. பெய்த நீர் மண்ணுள் இறங்குமாயின் செல்வமாகும். ஓடிக் கழியுமாயின் மண்ணையும் உடன் அரித்துச் செல்லும். இவ்வுண்மைக்குச் சான்றாக, இந்தியாவின் இராசத்தான் மாநிலத்து அர்வரி ஆற்றின் வரலாற்றை ஈண்டுக் கூறுவாம்.

அல்வார் மாவட்டத்து ஆரவல்லி மலைச்சாரலில் ஓடும் இவ்வாறு ஏறக்குறைய 45 கிலோமீற்றர் நீளமுடையது. காடுகள் அழிந்தமையாலும் முன்னோர் அமைத்த நீர்நிலைகள் தூர்ந்தமையாலும் அது மழைநாளன்றி ஓடாதாயிற்று. கிணறுகள் வற்றின, இளைஞர் பிழைப்புத் தேடி நகரஞ் சென்றனர். 1985ஆம் ஆண்டில் இராசேந்திர சிங் என்பாரும் தருண் பாரத் சங்கத்துத் தோழர் சிலரும் அங்குத் தொண்டாற்றச் சென்றனர். முதலில் வேண்டுவது நீரே என ஊர் முதியவர் ஒருவர் அவர்களை நெறிப்படுத்தினார்.

அவர் காட்டிய வழி புதியதன்று. நிலச்சரிவின் குறுக்கே பிறைவடிவில் மண்ணணை எழுப்பி மழைநீரைத் தேக்குதலே அது. இதனை அந்நாட்டார் ஜோகட் என்பர். தேங்கிய நீர் மெல்ல ஊறிக் கிணற்றுநீரை உயர்த்தும். நிலத்தடி நீர் ஆற்றுப்படுகையின் அளவுக்கு உயர்ந்தபின், அதுவே கசிந்து கோடையிலும் ஆற்றில் ஓடும். அணைக்குரிய இடங்களை ஊரவரே தெரிந்தனர். உழைப்பையும் அவரே நல்கினர். 300க்கு மேற்பட்ட அணைகள் எழுந்தபின், 1995ஆம் ஆண்டளவில் அர்வரி ஆண்டு முழுவதும் ஓடலாயிற்று.

நீர் வந்தபின் வழக்கும் வந்தது. ஆற்றில் பெருகிய மீனைப் பிடிக்கும் உரிமையை அரசு குத்தகைக்கு விட்டது. ஊரவர் எதிர்த்து நின்றனர்; குத்தகை நீக்கப்பட்டது. ஆயினும், உரிமை கோருவார்க்குக் கட்டுப்பாடும் வேண்டுமன்றோ? அதனையுணர்ந்து, 1999ஆம் ஆண்டில் ஏறத்தாழ 70 கிராமத்தவர் கூடி அர்வரி நாடாளுமன்றம் என்னும் அவையை நிறுவினர். அதற்குச் சட்ட வலுவில்லை. கரும்பு போன்ற நீர்மிகு பயிரைத் தவிர்த்தல், மரம் வெட்டாமை முதலிய விதிகளை ஊரார் ஒற்றுமையே காத்தல் வேண்டும். அணை கட்டுதலினும் இதனையே அரிய செயலென நாம் கருதுகின்றோம்.

யாழ்ப்பாணத்தில் வற்றாத ஆறில்லை. சுண்ணக்கற் பாறையுள் இறங்கும் மாரிமழையே நம் கிணற்றுநீர். குளமும் கேணியும் தூர்ந்தால், அந்நீர் கடலுக்கே செல்லும். ஆதலின், இவ்விழா நாளில் மகிழ்ந்து கூடும் பழைய மாணவரும் பயிலும் மாணவரும், அடுத்த மாரிக்கு முன்னர்த் தத்தம் ஊர்க் குளத்து வாய்க்காலை ஒருமுறை சென்று பார்ப்பாராக. அது தூர்ந்திருப்பின், மண்வெட்டி எடுத்தற்கு எவருடைய ஆணைக்கும் காத்திருத்தல் வேண்டா; ஊராரை அழைத்தலே போதும்.