விண்மீன்களுக்கும் வாழ்நாள் உண்டு



துக்க வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. இறந்துபோன பாட்டியைத் தேடி அழும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, "பாட்டி நட்சத்திரமாகிட்டாங்க, மேலேயிருந்து உன்னைப் பார்க்கிறாங்க" என்று பெரியவர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். மனிதர் மறைந்துபோவார்கள், விண்மீன்களோ என்றும் நிலைத்திருக்கும் என்ற எண்ணத்தில் பிறந்த சொல் இது. அன்பினால் சொல்லப்படுவதால் அதைக் குறை கூற நமக்கு மனம் வருவதில்லை. ஆனால் விண்மீன்களும் பிறக்கின்றன, முதுமை அடைகின்றன, இறக்கின்றன.

இதை அறியும் வழியைத் திறந்தவர்களுள் ஒருவர் இயேசு சபைக் குரு ஆஞ்செலோ செக்கி. உரோமையில் புனித இஞ்ஞாசியார் ஆலயத்தின் மேற்கூரையில் அமைந்த வானாய்வுக்கூடத்திலிருந்து, 1860-களில் அவர் விண்மீன்களின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தார். ஏறக்குறைய 4,000 விண்மீன்களை வகைப்படுத்தினார். ஒரு விண்மீனின் நிறம் அதன் வெப்பத்தைச் சொல்லும். நீல நிறமுள்ளவை கடும் வெப்பம் கொண்டவை. சிவந்தவை வெப்பம் குறைந்தவை.

மார்கழி, தை மாத மாலைகளில் கிழக்கு வானில் வரிசையாக மூன்று விண்மீன்கள் எழுவதைக் கண்டிருப்போம். அவை ஓரியன் என்னும் வேட்டைக்காரனின் இடைக்கச்சை. அதற்குச் சற்று வலப்புறம் மங்கலான ஒரு புகைத்திட்டு தெரியும். சுமார் 1,350 ஒளியாண்டு தொலைவிலுள்ள அந்த வாயு மேகத்தில் இன்றும் விண்மீன்கள் பிறந்துகொண்டிருக்கின்றன. குளிர்ந்த வாயுவும் தூசியும் தம் சொந்த ஈர்ப்பினால் சுருங்கிச் சுருங்கி வெப்பமடைகின்றன. நடுப்பகுதியின் வெப்பம் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரியை எட்டியதும் ஹைட்ரஜன் அணுக்கள் இணைந்து ஹீலியமாகத் தொடங்குகின்றன. அதுவே விண்மீனின் பிறப்பு. அன்றுமுதல் ஈர்ப்பு உள்நோக்கி அழுத்த, வெப்பம் வெளிநோக்கித் தள்ள, இரண்டும் சமமாக நிற்கும்வரை அது வாழ்கிறது.

நம் கதிரவனும் ஒரு விண்மீனே. நொடிக்குச் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜனை ஹீலியமாக்கிக்கொண்டு 460 கோடி ஆண்டுகளாக ஒளி தருகிறது. இன்னும் 500 கோடி ஆண்டுகளுக்குக் குறையாமல் கையிருப்பு உண்டு. எனவே கவலைப்பட வேண்டாம்.

பெரிய விண்மீன் நெடுநாள் வாழும் என்று நாம் நினைப்போம். நடப்பதோ நேர்மாறு. அவற்றின் சேமிப்பு பெரிது, செலவு அதைவிடப் பெரிது. கதிரவனைப்போல் பத்து மடங்கு எடையுள்ளது சில கோடி ஆண்டுகளிலேயே தீர்ந்துவிடும். சிக்கனமாக எரியும் சின்னஞ்சிறு சிவப்பு விண்மீன்களுள் ஒன்றுகூட முதுமையால் இதுவரை இறக்கவில்லை. பேரண்டத்தின் வயதான 1,380 கோடி ஆண்டுகள் அதற்குப் போதவில்லை.

எரிபொருள் குறையும்போது கதிரவன் ஊதிப்பெருத்துச் சிவந்து, அருகிலுள்ள புதனையும் வெள்ளியையும் விழுங்கும். பின்னர் மேலடுக்குகள் மெல்லக் கலைந்துபோக, பூமியளவே உள்ள வெண்குறுமீன் ஒன்று எஞ்சி ஆறத் தொடங்கும். எந்த எடைவரை ஒரு வெண்குறுமீன் தன்னைத் தாங்கும் என்று கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரி மாணவர் சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் செல்லும்போது, 19 வயதில் அந்தக் கணக்கைத் தொடங்கினார். அந்த எல்லை கதிரவனைப்போல் 1.4 மடங்கு. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மிகப் பெரிய விண்மீன்களின் முடிவு அமைதியானதன்று. அவற்றின் நடுவில் இரும்பு சேரும். இரும்பை இணைத்து ஆற்றல் பெற இயலாது. தாங்கும் சக்தி போனதும் நடுப்பகுதி ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் இடிந்து விழ, மற்றவை வெடித்துச் சிதறும். 1054-இல் அப்படி ஒரு வெடிப்பைச் சீன வானியலார் கண்டு, 23 நாட்கள் பகலிலும் அது தெரிந்ததாகக் குறித்துவைத்தனர். அந்த இடத்தில் இன்று நண்டு வடிவ மேகமும், நொடிக்குச் சுமார் 30 முறை சுழலும் சிறு நியூட்ரான் விண்மீனும் உள்ளன. இன்னும் பெரியவற்றுள் சில கருந்துளையாக முடிகின்றன.

சிதறியவை வீணாவதில்லை. நம் எலும்பிலுள்ள கால்சியம், குருதியிலுள்ள இரும்பு, நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் ஆகியவை, கதிரவன் தோன்றுமுன் இறந்துபோன விண்மீன்களில் உருவானவை. திருநீற்றுப் புதனன்று நாம் நினைவுகூரும் அந்த மண்ணும் அங்கிருந்தே வந்தது. ஆக, பாட்டி விண்மீனாகவில்லை, விண்மீன்கள்தாம் பாட்டியாகியிருந்தன. அழும் குழந்தைக்குச் சற்று வளர்ந்தபின் இதையும் சொல்லலாம் என்பது நம் கருத்து.

இடைக்கச்சைக்கு இடப்புறம் செம்மையாக ஒளிரும் திருவாதிரை முடிவை நெருங்கும் விண்மீன். அதற்கு வயது ஒரு கோடி ஆண்டுகூட ஆகியிராது. 2019-ஆம் ஆண்டின் இறுதியில் அது திடீரென மங்கியபோது, இப்போதே வெடித்துவிடுமோ என்ற பேச்சு எழுந்தது. அது வெளியே தள்ளிய தூசியே ஒளியை மறைத்தது என்று பின்னர் தெரியவந்தது. சுமார் ஒரு லட்சம் ஆண்டுகளுக்குள் அது வெடிக்கலாம் என்கின்றனர் வானியலார். 500 ஒளியாண்டுக்கும் அப்பால் இருப்பதால் பூமிக்குத் தீங்கில்லை. அது வெடித்த செய்தி ஒளியாக நம்மை வந்தடையும் நாளில், நண்பகலிலும் அதைக் காணலாம்.