திருடரைக் கவரும் வினையூக்கி

வினையூக்கி வேதிவினையை விரைவுபடுத்தும். தான் செலவழிவதில்லை என்று படித்திருப்பீர்கள். இந்தப் பண்பே அமெரிக்காவில் திருடர்களுக்குத் துணைபோயிற்று!

காரின் புகைக்குழாயிலுள்ள வினையூக்கி மாற்றியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை சில கிராம் உள்ளன. நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடை அவை கார்பன் டை ஆக்சைடாக மாற்றுகின்றன. வண்டி பழையதானாலும் உலோகம் பெரும்பாலும் அப்படியே இருக்கும். 2021இல் ரோடியம் தங்கத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் விலைபோனது. வண்டியின் அடியில் புகுந்து மாற்றியை அறுத்தெடுப்போர் பெருகினர்.

தடுப்பது எப்படி? எஃகுக் கவசம் பொருத்தினால் அறுக்க நேரமாகும். வண்டியின் அடையாள எண்ணை மாற்றியின்மேல் பொறித்தால், விற்கும்போது திருட்டு வெளிப்படும். பழைய மாற்றியை யாரிடம் வாங்கலாம் என்று 2022இல் கலிபோர்னியா சட்டம் வகுத்தது.

மாற்றி இல்லாத வண்டி நச்சுப்புகையைத் தெருவிலேயே கக்கும். ஆகவே இக்காவல் எல்லோர் மூச்சையும் காப்பதாகும்.