பத்து வாட் பெட்டியும் பேஸ் கிதாரும்

மாமல்லபுரத்தில் என் அக்கா வீடு. மொட்டை மாடியில் நின்றால் கடல் தெரியும். அந்த உப்புக்காற்று சைக்கிள் செயினிலிருந்து சாவிக்கொத்து வரை எதையும் விட்டுவைக்காது. அக்கா மகன் எட்டாம் வகுப்பு. போன விடுமுறையில் நண்பனிடம் ஒரு பேஸ் கிதாரை இரவல் வாங்கிவந்து, தன்னுடைய சின்ன கிதார் ஆம்ப்பில் செருகினான். 10 வாட் பெட்டி. உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ஒரு சாஸர் அகலம்தான். வால்யூம் மூன்றில் இருந்தவரை சரி. ஏழுக்குத் திருகினான். அப்பளத்தை நொறுக்குவதுபோல 'பர்ர்ர்ர்' என்றது.

"மாமா, கிழிஞ்சிடுச்சா?"

கிழியவில்லை. கிழியப் பார்த்தது.

சாதாரண கிதாரின் தடித்த தந்தி நொடிக்கு 82 தடவை அதிரும். பேஸ் கிதாரின் தடித்த தந்தி 41 தடவை. சரிபாதி. அப்படியானால் ஸ்பீக்கருக்கும் பாதி வேலைதானே? அதுதான் இல்லை! ஸ்பீக்கரில் இருக்கும் காகிதக் கூம்பு முன்னும் பின்னும் ஓடிக் காற்றைத் தள்ளுகிறது. அதிர்வு பாதியானால், அதே சத்தம் வர, கூம்பு நான்கு மடங்கு தூரம் ஓட வேண்டும். சின்னக் கூம்புக்கு அவ்வளவு இடம் ஏது? எல்லையில் போய் முட்டிக்கொண்டு அலறுகிறது.

இன்னொரு சிக்கல். பனையோலை விசிறியை ரொம்ப மெதுவாக ஆட்டிப் பாருங்கள். முகத்தில் காற்றே படாது. ஓரமாக நழுவிப் பின்பக்கம் போய்விடும். பல கிதார் ஆம்ப்களுக்கு முதுகுப் பலகை பாதிதான் இருக்கும். கனத்த ஒலிகள் அந்த வழியே நழுவி, முன்னால் வருவதும் பின்னால் வருவதும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு அடங்கிவிடும். பேஸ் ஆம்ப் பெரிதாக, பெரும்பாலும் மூடிய பெட்டியாக இருப்பது இதனால்தான்.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் 1952-இல் பேஸ் கிதாருக்கென்றே 'பேஸ்மேன்' என்றொரு ஆம்ப் செய்தார். அதைச் சாதாரண கிதார்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள்! கிதாரைப் பேஸ் ஆம்ப்பில் செருகினால் வம்பில்லை. மாற்றிச் செருகினால்தான் வம்பு.

"அப்ப வாசிக்கவே கூடாதா?"

வாசிக்கலாம். வால்யூமைக் குறைத்து, 'பேஸ்' என்று எழுதிய குமிழையும் குறைக்கச் சொன்னேன். என்னைச் சந்தேகமாகப் பார்த்தான். குறைத்த பிறகும் அதே சுருதிதான் கேட்டது. தந்தி 41-ல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளிலும் கூடவே அதிர்கிறது. அந்த மடங்குகள் காதில் விழுந்தால் போதும், விடுபட்ட 41-ஐ மூளை தானே நிரப்பிக்கொள்ளும். திருக்கழுக்குன்றத்தில் வீட்டுக்கூரைக்கு மேலே கலசம் மட்டும் தெரிந்தாலும் தேர் வருகிறது என்று சொல்லிவிடுவோமே, அதுபோல. செல்போனின் குட்டி ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டின் பேஸ் நமக்குக் கேட்பதும் இப்படித்தான்.

அடுத்து, அவனுடைய சொந்த கிதார். விலை மலிவு, கரகரப்போடு 'ங்ங்ங்' என்று ஓயாத இரைச்சல். மாற்றிப் பார்க்கலாமா என்றான். வாத்தியத்தை மாற்றுவது நமக்கொன்றும் புதிதில்லை. 1969-இல் பாலகொல்லுவில் பிறந்த மாண்டலின் சீனிவாஸ் என்ன செய்தார்? சாதாரண மாண்டலினில் எட்டுத் தந்திகள், ஜோடி ஜோடியாக. கமகத்துக்குத் தந்தியை இழுத்து வளைத்தால் ஜோடி இரண்டும் ஒன்றுபோல வளையாது. நாதமும் சட்டென்று அடங்கிவிடும். அவர் ஐந்து ஒற்றைத் தந்திகள் கொண்ட மின்சார மாண்டலினுக்கு மாறினார். அதில் கர்நாடக சங்கீதம் குழைந்து வந்தது.

மின்சார கிதாரில் தந்திக்கு அடியில் பிக்கப் இருக்கிறது: காந்தம், அதைச் சுற்றி முடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள். எஃகுத் தந்தி அசைந்தால் காந்தப்புலம் அசையும், கம்பியில் மின்சாரம் பிறக்கும். 1831-இல் ஃபாரடே கண்டுபிடித்த விஷயம். ஆனால் அந்தச் சுருளுக்குத் தந்தி எது, வீட்டு ஒயர் எது என்று தெரியாது. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 தடவை அலைவதால், அதையும் பிடித்து இரைகிறது.

அந்த இரைச்சலைக் குறைக்கச் செங்கல்பட்டில் ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவில் செம்பு டேப் வாங்கி வந்தோம். ஒயரைக் கழற்றிவிட்டு, கிதாரின் உட்குழி முழுக்க ஒட்டி, அதை எர்த் கம்பியோடு பற்றவைத்தோம். (ஆம்ப்பை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் பதுங்கியிருக்கும்.) கரகரப்பு போயிற்று, 'ங்ங்' கொஞ்சம் மிச்சம். காந்தப்புலமாக வருவதைச் செம்புத் தாள் தடுக்காது. ஆனால் சுருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பொறுத்து அந்த 'ங்ங்' கூடும், குறையும்.

இப்போது அவன் அறையில் ஒரு மூலையில், சுவரைப் பார்த்து, கோணலாக உட்கார்ந்துதான் வாசிக்கிறான். பக்கத்தில் தந்தியைத் துடைக்க ஒரு பழைய பனியன் துணி.

"ஏண்டா இப்படி உக்காந்திருக்க?" என்று அக்கா கேட்டால், "இங்கதாம்மா இரைச்சல் கம்மி" என்கிறான்.