சாரலும் குளமும்

குற்றாலம் என்றவுடன் அருவியும் நீராடலுமே நம் நினைவில் எழுகின்றன. அருவியில் வீழ்ந்த நீர் பின்னர் எங்கே செல்கின்றது என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. தென்காசி வட்டார மக்களின் அறிவும் உழைப்பும் அவ்வினாவின் விடையிலேயே அடங்கியுள்ளன.

மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவக்காற்றைத் தடுத்து, மழையின் பெரும்பகுதியைக் கேரளத்திற்கே வழங்கிவிடுகின்றது. ஆயினும் அம்மலைமதிலில் செங்கோட்டைக் கணவாய் ஒரு வாயிலாக அமைந்துள்ளது. அதன் வழியே நுழையும் ஈரக்காற்றே ஆனி, ஆடித் திங்களில் சாரலாகப் பொழிகின்றது. சமவெளியில் அக்காற்றே இன்று காற்றாலைகளைச் சுழற்றி மின்னாற்றலும் தருகின்றது.

பேரருவியாக வீழும் சிற்றாறு, சீவலப்பேரி அருகே தாமிரபரணியுடன் கலக்கின்றது. மலையாறு ஆதலின் அது விரைந்து பெருகும், விரைந்தே வடியும். இதனை உணர்ந்த முன்னோர் ஆற்றின் குறுக்கே அணைக்கட்டுகளை எழுப்பினர். சிற்றாற்றில் இத்தகைய அணைக்கட்டுகள் 17 உள்ளன. இவை ஆற்றை அடைத்து வைப்பன அல்ல. நீர்மட்டத்தை உயர்த்திக் கால்வாயில் திருப்பிவிட்டு, எஞ்சிய நீரைக் கீழுள்ளோர்க்கு விடுவன. கால்வாய் குளத்தை நிரப்பும். நிறைந்த குளம் மறுகால் பாய்ந்து அடுத்த குளத்தை நிரப்பும். தொலைவிலுள்ள மானூர்ப் பெருங்குளமும் இவ்வாற்று நீரைப் பெறுவதே. சாரலை நம்பிக் கார் நெல்லும், வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிசான நெல்லும் விளைந்தன. சில வாரங்களில் ஓடிமறையும் நீரை அறுவடை வரை நிறுத்தியதே இம்மக்களின் பெருஞ்செயல்.

இவ்வமைப்பு ஒரு சங்கிலி போன்றது. மேலுள்ள கால்வாய் தூர்ந்தால் கீழுள்ள குளம் வறளும். மறுகால் ஓடையில் கட்டடம் எழுந்தால் வெள்ளம் வீட்டினுள் புகும். ஆதலால் ஓர் ஊரார் செய்யும் பிழை அவ்வூரோடு நில்லாது.

இயற்கையைப் பயன்கொள்வது வேறு. அதனை வென்றுவிட்டதாகக் கருதுவது வேறு. 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரெனப் பெருகிய வெள்ளம் ஒரு சிறுவனின் உயிரைக் கொண்டு சென்றது. மலைமேல் பெய்த மழையைக் கீழே நின்றோர் அறியுமுன் நீர் வந்து சேர்ந்துவிட்டது. ஆற்றின் விரைவை அறிந்தே முன்னோர் அதற்கு வழிவிட்டுக் கட்டினர் என்பதை நாம் மறத்தலாகாது.

மடை, மறுகால், கலிங்கு என்னும் சொற்கள் நம் மாணவர்க்கு அகராதிச் சொற்களாகிவிடக் கூடாது. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் தம் ஊர்க் குளத்திற்கு நீர் எவ்வழி வருகின்றது, எவ்வழி வெளியேறுகின்றது என்பதை முதியோரிடம் கேட்டு, அவ்வழியே ஒருமுறை நடந்து பார்ப்பாராக. வழியை அறிந்தவரே அதனைக் காக்க இயலும்.