முதலில் நாற்காலி, பிறகு மேசை

வீட்டின் ஓர் அறையையோ கடையின் ஒரு மூலையையோ அலுவலகமாக மாற்றிக்கொள்ள முனைவோர் பெரும்பாலும் முதலில் வாங்குவது மேசையைத்தான். எஞ்சிய தொகையில் ஒரு நாற்காலி வாங்கப்படுகிறது. சில இல்லங்களில் அதுவும் இல்லை. உணவு மேசையின் நாற்காலியே இடம்பெயர்ந்து வந்துவிடுகிறது. இந்த வரிசையை மாற்றிக்கொள்ளுமாறு வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொள்கிறோம். நாள் முழுவதும் நம் உடலைத் தாங்குவது நாற்காலி. மேசை தாங்குவது கணினியை மட்டுமே.

கடைகளில் கிடைக்கும் மேசைகளின் உயரம் பொதுவாக 75 சென்டிமீட்டர் அளவில் இருக்கும். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரமோ ஏறக்குறைய 152 சென்டிமீட்டர். அந்த உயரமுள்ள ஒருவர் பாதங்கள் தரையில் நன்கு படியுமாறு அமர வேண்டுமெனில், இருக்கை ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் உயரத்தில் இருத்தல் வேண்டும். முழங்கை அதற்கு மேல் 20 சென்டிமீட்டர் அளவில் அமையும். அதாவது, அவருடைய கைகள் இயல்பாக வேலை செய்யக்கூடிய உயரம் 60 சென்டிமீட்டர். மேசையோ அதைவிட 15 சென்டிமீட்டர் ஓங்கி நிற்கிறது. இந்த இடைவெளியை ஈடுசெய்ய அவர் தம்மை அறியாமலே தோள்களை உயர்த்தி வைத்துக்கொள்கிறார். மாலையில் கழுத்து வலிக்கும்போது தலையணையையோ வயதையோ குறை கூறுகிறோம். மேசையை எவரும் ஐயுறுவதில்லை.

இந்தியர்களின் உடல் அளவுகள் தெரியாமல் நேர்ந்த பிழை அன்று இது. அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனம் அவ்வளவுகளைத் தொகுத்து 1997ஆம் ஆண்டிலேயே நூலாக வெளியிட்டுள்ளது. ஆயினும், கடைக்குச் செல்லும் நாம் பார்ப்பது நிறத்தையும் விலையையும்தான்.

தீர்வு எளிது. நாற்காலியை முழங்கை மேசையின் மட்டத்துக்கு வரும்வரை உயர்த்திக்கொண்டு, தொங்கும் பாதங்களுக்குக் கீழே ஒரு கால்தாங்கியை வைக்கலாம். தச்சரிடம் சொன்னால் பலகைத் துண்டுகளைக் கொண்டே செய்து தந்துவிடுவார். மர மேசையாயின் கால்களைச் சிறிது அறுத்துக் குறைத்துவிடுவதே இன்னும் நல்லது. அழகுக்காக அதைத் தவிர்ப்பதில் பொருளில்லை.

நாற்காலியில் உயரத்தை மாற்றும் வசதி இன்றியமையாதது. முதுகைச் சாய்த்து அமரும்போது, இருக்கையின் முன்விளிம்புக்கும் முழங்காலின் பின்புறத்துக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழைய வேண்டும். இடமில்லையெனில், நாம் முன்னோக்கி நகர்ந்து அமர்வோம். கீழ்முதுகுக்கென அமைத்த தாங்கி பயனற்றுப் போகும். கைப்பிடிகள் மேசைக்கு அடியில் நுழையும் உயரத்தில் இருப்பின் நன்று. கடையில் அமர்ந்து பார்க்கும்போது காலணிகளைக் கழற்றிவிடுங்கள். வீட்டில் வெறுங்காலுடன்தானே பணியாற்றப் போகிறோம்! இணையவழியில் வாங்குவோர் இருக்கையின் மிகக் குறைந்த உயரம் எவ்வளவு என்பதை முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் பிரியாதவை என்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து குனிகிறது. கண்ணுக்கு ஏற்ப உயர்த்தினால் கை தூக்குகிறது. தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொண்டு, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வருமாறு மடிக்கணினியை நான்கைந்து தடித்த புத்தகங்களின் மேல் ஏற்றிவிடுங்கள். திரை ஒரு கை நீளத் தொலைவில் இருக்கட்டும். சாளரம் பக்கவாட்டில் அமையட்டும். எத்துணை நல்ல நாற்காலியாயினும் அரை மணிக்கு ஒருமுறை எழுந்து சில அடிகள் நடத்தல் வேண்டும்.

செலவைப் பற்றியும் ஒரு சொல். முறையாகக் கணக்கேடுகள் பேணித் தொழில் நடத்துவோர், தொழிலுக்குப் பயன்படும் மேசை நாற்காலிகளுக்கு வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம் கோரலாம். வாங்கிய ஆண்டில் 180 நாள்களுக்கும் குறைவாகப் பயன்படுத்தியிருப்பின் அதில் பாதியே கிட்டும். மாதச் சம்பளம் பெறுவோருக்கு இச்சலுகை இல்லை. எவ்வாறாயினும், தொழிலின் பெயரில் ரசீது பெற்று, தொகையை வங்கிக் கணக்கின் வழியாகவே செலுத்துங்கள். உத்தரவாதம் கோரும் நாளிலும் அந்த ரசீதே தேவைப்படும்.