நினைவக ஒதுக்கீடும் பாதுகாப்பு உறைச் சார்புகளும்

மாணவர்களே, க.பொ.த. (சா/த) தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில் முதன்மை நினைவகம், துவித எண்கள், துணைச் செய்நிரல்கள் ஆகியவற்றைத் தனித்தனி அலகுகளாகக் கற்றிருப்பீர்கள். சீ மொழியில் நினைவக இடம் பெறும் முறையில் இம்மூன்றும் ஒன்றுசேர்கின்றன. சீ மொழிக் கட்டளைகளை எழுதும்படி சாதாரண தரத்தில் உங்களிடம் கேட்கப்படுவதில்லை. எனினும் இக்கட்டுரையை விளங்கி வாசித்தால் அம்மூன்று அலகுகளும் மனத்தில் நன்கு பதியும்.

1. நினைவக ஒதுக்கீடு என்றால் என்ன?

கொட்டாஞ்சேனையில் உள்ள ஒரு கல்வி நிலையத்தின் புள்ளிகளைப் பதியச் செய்நிரல் ஒன்று எழுதுகிறீர்கள் எனக் கொள்வோம். இம்மாதம் 40 மாணவர்கள். அடுத்த மாதம் எத்தனை பேர் என்பது தெரியாது. ஆகவே செய்நிரல் இயங்கும் வேளையில், தேவைப்படும் அளவு இடத்தை அது கேட்டுப் பெறவேண்டும். இதுவே இயங்குநிலை நினைவக ஒதுக்கீடு எனப்படும்.

1972 ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிச்சி உருவாக்கிய சீ மொழியில் இதற்கு "மலொக்" என்னும் சார்பு உண்டு. எத்தனை பைற்று வேண்டும் என்று அதனிடம் கூறினால், இடம் இருப்பின் அவ்விடத்தின் தொடக்க முகவரியைத் திருப்பி அனுப்பும். இடம் இல்லையெனின் "நல்" என்னும் வெற்று முகவரியை அனுப்பும். பெற்ற இடத்தை மீள ஒப்படைப்பதற்கு "ஃபிரீ" என்னும் சார்பு பயன்படும்.

2. பிரச்சினை எங்கே உள்ளது?

வெள்ளவத்தையில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுக்கச் செல்கிறீர்கள். மண்டபம் இருந்தால் அலுவலகத்தில் அதன் இலக்கம் எழுதிய துண்டு தருவார்கள். இல்லையெனின் வெறும் துண்டைத் தருவார்கள். அத்துண்டைப் பார்க்காமலே 200 விருந்தினரை அனுப்பிவிட்டால் என்ன நடக்கும்? மலொக் அனுப்பிய முகவரியைச் சோதிக்காமல் பயன்படுத்துவதும் அத்தகையதே.

வெற்று முகவரியில் எழுத முற்பட்டால், பெரும்பாலான கணினிகளில் பணிசெயல் முறைமை அச்செய்நிரலை உடனே நிறுத்திவிடும். சேமிக்காத தரவுகள் அழிந்துபோகும். நினைவகப் பாதுகாப்பு இல்லாத சிறிய கட்டுப்பாட்டுச் சாதனங்களில் நிலைமை இன்னும் மோசமாகும். செய்நிரல் நிற்காது, பிழையான தரவுடன் தொடர்ந்து இயங்கும்.

"ஒவ்வொரு தடவையும் சோதித்தால் போதுமே" என நீங்கள் கேட்கலாம். பெரிய செய்நிரலொன்றில் மலொக் நூற்றுக்கணக்கான இடங்களில் அழைக்கப்படும். அவற்றுள் ஒன்றில் மறந்தாலும் அதுவே வழுவாகிவிடும்.

3. உறைச் சார்பு

ஒரே வேலை பல இடங்களில் வருமாயின் அதைத் துணைச் செய்நிரலாக எழுதவேண்டும் எனக் கற்றிருக்கிறீர்கள். அதே விதி இங்கும் பொருந்தும். மலொக்கை நேரடியாக அழைக்காமல், அதை உள்ளே வைத்து, சோதனைகளையும் சேர்த்து நாமே ஒரு சார்பை எழுதிக்கொள்கிறோம். கடிதத்தை உறை மூடுவதுபோல இது மலொக்கை மூடியிருப்பதால் உறைச் சார்பு எனப்படும். செய்நிரலின் ஏனைய பகுதிகள் யாவும் இதனையே அழைக்கும். சோதனை ஓரிடத்தில் மட்டும் எழுதப்படுவதால் மறதிக்கு இடமில்லை.

4. 2002 இல் கற்ற பாடம்

வெற்று முகவரியைச் சோதித்தால் மட்டும் போதுமா? போதாது என்பதற்கு ஓர் உண்மைச் சம்பவம் உண்டு.

தூரத்திலுள்ள கணினியினுள் பாதுகாப்பாக நுழைவதற்கு உலகெங்கும் பயன்படுத்தப்படும் மென்பொருள் ஓபன்எஸ்எஸ்எச் ஆகும். அதை எழுதியவர்கள் கவனமானவர்கள். "எக்ஸ்மலொக்" என்னும் உறைச் சார்பையே அவர்கள் பயன்படுத்தினர். இருந்தும் 2002 ஜூன் மாதத்தில் அதில் ஒரு பாரிய வழு வெளிவந்தது. வலையமைப்பின் ஊடாக வரும் ஓர் எண்ணைப் பெற்று, அதனை ஒரு முகவரியின் அளவாற் பெருக்கி, வரும் விடையளவு இடத்தை அம்மென்பொருள் கேட்டது. பெருக்கத்தின் விடை மாறியினுள் அடங்குமா என்பதை எவரும் சோதிக்கவில்லை.

இதனை 8 பிற்று உதாரணத்தால் விளங்கிக்கொள்வோம். 8 பிற்றுகளில் அடங்கும் மிகப் பெரிய எண் 255 ஆகும். 65 மாணவர்களுக்கு, ஒருவருக்கு 4 பைற்று வீதம் இடம் வேண்டும்.

65 × 4 = 260
260 இன் துவித வடிவம்: 100000100 (9 பிற்றுகள்)
8 பிற்றுகளில் எஞ்சுவது: 00000100 = 4

இடது பக்க அந்தத்திலுள்ள பிற்று இழக்கப்பட்டதால் 260 என்பது 4 ஆகிவிட்டது. செய்நிரல் 4 பைற்று கேட்கிறது. மலொக் அதை மகிழ்ச்சியுடன் கொடுக்கிறது. முகவரி வெற்று முகவரியன்று, ஆதலால் உறைச் சார்பும் "சரி" என்கிறது. ஆனால் 65 பேரின் புள்ளிகளை எழுதும்போது முதலாமவரின் புள்ளிகள் மட்டுமே உரிய இடத்தில் அமையும். ஏனைய 64 பேரினதும் புள்ளிகள் வேறு தரவுகளின் மேல் எழுதப்படும்.

32 பிற்றுகளிலும் இதுவே நிகழும். அங்கு உச்சப் பெறுமானம் 4294967295 ஆகும். 1073741825 × 4 = 4294967300. இதில் 32 பிற்றுகளில் எஞ்சுவது மீண்டும் 4 தான். தூரத்திலிருக்கும் ஒருவர் இத்தகைய எண்ணை வேண்டுமென்றே அனுப்பி, சேவையகக் கணினியைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வழி இருந்தது. ஓபன்எஸ்எஸ்எச் 3.4 ஆம் பதிப்பில், அந்த எண் 100 ஐ விடக் கூடினால் நிராகரிக்கும் சோதனை சேர்க்கப்பட்டது.

5. சரியான உறைச் சார்பு

பெருக்கிய பின்னர் சோதிப்பது பயனற்றது. ஏனெனில் அப்போது உண்மையான விடை இல்லாமற் போயிருக்கும். ஆகவே பெருக்குமுன் வகுத்துச் சோதிக்கவேண்டும். போலிக்குறிமுறை வருமாறு:

சார்பு பாதுகாப்பான_ஒதுக்கீடு (எண்ணிக்கை, அளவு)
ஆரம்பம்
எண்ணிக்கை = 0 அல்லது அளவு = 0 எனின், வழுவை அறிவித்து நிறுத்துக
எண்ணிக்கை > உச்சம் ÷ அளவு எனின், வழுவை அறிவித்து நிறுத்துக
முகவரி ← மலொக் (எண்ணிக்கை × அளவு)
முகவரி = நல் எனின், வழுவை அறிவித்து நிறுத்துக
முகவரியைத் திருப்பி அனுப்புக
முடிவு

இங்கு வகுத்தலில் முழுவெண் பகுதி மட்டும் எடுக்கப்படும். 8 பிற்று உதாரணத்தில் 255 ÷ 4 = 63. 65 என்பது 63 ஐ விடப் பெரிது. எனவே கோரிக்கை மறுக்கப்படுகிறது.

பூச்சியச் சோதனை ஏன் தேவை? பூச்சியம் பைற்று கேட்டால் சில கணினிகளில் மலொக் வெற்று முகவரியைத் தரும். வேறு சிலவற்றிற் பயன்படுத்தத் தகாத ஒரு முகவரியைத் தரும். சீ மொழியின் நியமம் இரண்டையும் அனுமதிக்கின்றது. மேலும் அளவு பூச்சியமாயின் அடுத்த வரியிலுள்ள வகுத்தலும் தவறிவிடும்.

இப்பெருக்கற் சோதனையை உள்ளடக்கிய "ரியலொக்அரே" என்னும் சார்பு 2014 இல் ஓபன்பிஎஸ்டி பணிசெயல் முறைமையில் அறிமுகமானது. 2017 இல் லினக்ஸில் பரவலாகப் பயன்படும் குனூ சீ நூலகத்திலும் அது சேர்க்கப்பட்டது.

6. நிறுத்துவதா, அறிவிப்பதா?

மேலுள்ள சார்பு, இடம் கிடைக்காவிடின் செய்நிரலையே நிறுத்துகின்றது. சிறிய தனிச் செய்நிரலுக்கு இது பொருத்தமானது. ஆனால் நீங்கள் எழுதுவது பிறருடைய செய்நிரலினுள் இயங்கும் நூலகமாயின் நிலைமை வேறு. விருந்தாளி ஒருவர் தனக்குக் கதிரை இல்லை என்பதற்காக வீட்டையே மூடிவிடலாமா?

இதற்கு நல்ல உதாரணம் நம் நாட்டிலேயே உண்டு. அபாச்சி அக்சிஸ்2/சீ என்பது இணையச் சேவைகளுக்காகச் சீ மொழியில் எழுதப்பட்ட திறந்த மூல மென்பொருளாகும். இதன் 1.0 பதிப்பு 2007 இல் வெளிவந்தது. 2005 இல் ஆரம்பிக்கப்பட்ட, கொழும்பிலும் இயங்கும் டபிள்யூ.எஸ்.ஓ.2 நிறுவனத்தின் நிரலாளர்கள் இதற்குப் பெரும் பங்களித்தனர்.

இம்மென்பொருளில் மலொக் நேரடியாக அழைக்கப்படுவதில்லை. "ஒதுக்கி" என்று சொல்லத்தக்க ஒரு கட்டமைப்பு ஒவ்வொரு சார்புக்கும் கையளிக்கப்படும். இடம் அதன் மூலமே பெறப்படும். இதனால் இரு நன்மைகள் கிடைத்தன. முதலாவது, அபாச்சி இணையச் சேவையகத்தினுள் இயங்கும்போது, சாதாரண மலொக்கிற்குப் பதிலாக அச்சேவையகத்தின் நினைவகத் தொகுதியிலிருந்தே இடம் பெற முடிந்தது. அதற்காக ஏனைய செய்நிரல் வரிகளை மாற்றவேண்டியிருக்கவில்லை. இரண்டாவது, இடம் கிடைக்காதபோது மென்பொருள் சேவையகத்தை நிறுத்தாது. "நினைவகம் இல்லை" என்னும் வழுக் குறியீட்டைப் பதிந்து, வெற்று முகவரியைத் திருப்பி அனுப்பும். என்ன செய்வது என்பதை அழைத்தவர் தீர்மானிப்பார்.

7. ஏனைய இரு உறைகள்

(அ) அளவை மாற்றல்: ஏற்கெனவே பெற்ற இடத்தைப் பெருப்பிக்க "ரியலொக்" பயன்படும். அதன் விடையைப் பழைய முகவரி இருந்த அதே மாறியில் இடுவது பலர் விடும் தவறு. இடம் கிடைக்காவிடின் அம்மாறியில் வெற்று முகவரி வந்து அமரும். பழைய இடம் நினைவகத்தில் இருக்கும். அதன் முகவரியோ தொலைந்துவிடும். இது நினைவகக் கசிவு எனப்படும். ஆகவே விடையைப் புதிய மாறியில் பெற்று, சோதித்த பின்னரே பழையதை மாற்றவேண்டும்.

(ஆ) விடுவித்தல்: ஒரே முகவரியை இரு தடவை விடுவிப்பது ஆபத்தானது. மண்டபத் திறப்பை ஒப்படைத்த பின்னர் மீண்டும் அதற்கு உரிமை கோருவது போன்றது இது. அதற்குள் வேறொரு குடும்பம் அங்கு வந்திருக்கலாம். விடுவித்தவுடன் மாறியில் வெற்று முகவரியை இடும் உறைச் சார்பு இதைக் குறைக்கும். வெற்று முகவரியை விடுவிப்பதால் தீங்கு எதுவுமில்லை. எனினும் அதே முகவரி வேறொரு மாறியிலும் பிரதி செய்யப்பட்டிருந்தால் இவ்வுறை காப்பாற்றாது.

நினைவிற் கொள்க

• சோதனையை ஓரிடத்தில் எழுதுக. எல்லா இடத்திலும் அதையே அழைக்குக.
• பெருக்குமுன் வகுத்துச் சோதிக்குக.
• வெளியிலிருந்து வரும் எண் எதனையும் சோதிக்காமல் நம்பற்க.
• தனிச் செய்நிரல் நிறுத்தலாம், நூலகம் அறிவிக்கவேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. உறைச் சார்பு என்பதால் யாது விளங்குகிறீர்?
2. 8 பிற்று மாறியில் 90 × 3 இன் விடையாகச் சேமிக்கப்படுவது யாது?
3. மேற்படி கோரிக்கையைப் பாதுகாப்பான_ஒதுக்கீடு எவ்வாறு கண்டுபிடிக்கும்?
4. வெற்று முகவரிச் சோதனை மட்டும் போதாமைக்குக் காரணம் தருக.

விடைகள்

1. வேறொரு சார்பை உள்ளடக்கி, அதற்குத் தேவையான சோதனைகளையும் சேர்த்து எழுதப்பட்ட சார்பு.
2. 270 = 100001110; எஞ்சும் 8 பிற்றுகள் 00001110, அதாவது 14.
3. 255 ÷ 3 = 85; 90 > 85 ஆதலால் மறுக்கும்.
4. பெருக்கத்தின் விடை சுருங்கினால் மலொக் சிறிய இடமொன்றை வெற்றிகரமாகத் தந்துவிடும். முகவரி வெற்று முகவரியாக இராது.